பழையபேட்டை பாய் கடையும் என் எட்டாம் நம்பர் ஜெர்சியும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு தையல் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டருக்கு மேலே சுவரில் ‘ஆல்ட்ரேஷன், ஜிப், டார்னிங்’ என்று பெயின்டில் எழுதியிருக்கும். டார்னிங் என்றால் கிழிசலை நூலால் இழையோட்டி அடைப்பது. உள்ளே ஒரு பாயும் அவருடைய மகனும் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றரை வருடமாக என்னுடைய ஹாக்கி ஜெர்சிகளை அங்கேதான் கொடுக்கிறேன். இதுவரை 5 ஜெர்சி போய்த் திரும்பி வந்திருக்கின்றன. நான்கு மனசுக்கு நிறைவாக வந்தன. ஒன்றில் எனக்குக் குறை உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் கொண்டுபோனது என்னிடம் இருப்பதிலேயே பழையது. 1998-ல் கோடைப் பயிற்சி முகாம் முடிந்து, மாவட்ட அணிக்கு எடுத்தபோது கொடுத்த ஜெர்சி. இலைப்பச்சை நிறம், மஞ்சள் காலர், முதுகில் 8, அதற்கு மேலே வளைவாக ‘தருமபுரி மாவட்டம்’. நான் கிருஷ்ணகிரிக்காரி. அப்போது எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004 பிப்ரவரி 9-ம் தேதிதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. முகாமுக்காக விடியற்காலை பஸ் பிடித்து, காவேரிப்பட்டணம், காரிமங்கலம் தாண்டி தருமபுரி போய் இறங்குவோம். ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டே போன பஸ் அது. இன்றைக்கு எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மாவட்ட அணிக்கு ஆடினால் அவள் முதுகில் வேறு பெயர் இருக்கும். அந்த ஜெர்சி கிழிந்தால் கிழிந்ததுதான், எனக்கு இன்னொன்று வராது.

காலர் கழுத்தோரமாக நைந்து நார்நாராகிவிட்டது. இடது தோளில் தையல் விட்டு இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. முதுகில் இருந்த ரப்பர் பிரிண்ட் எழுத்து, கோடையில் ஏரி வெடிக்கிற மாதிரி வெடித்து, ஓரங்கள் உரிந்துகொண்டு நின்றன. டவுனில் இரண்டு கடைகளில் காட்டினேன். இரண்டிலும் ஒரே பதில்: இதே மாதிரி புதிதாக ஒன்று அடித்துத் தருகிறோம், இதை விடுங்கள்.

பாய் அப்படிச் சொல்லவில்லை. வாங்கியதும் ஜெர்சியை உள்பக்கமாகத் திருப்பினார். தோள் தையலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். வாசலுக்கு எழுந்து போய் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தார். அப்புறம் கேட்டார்:

“ம்மா, இது போடவா, வைக்கவா?”

வைக்கத்தான் என்றேன்.

“அப்ப சரி. போடறதுக்குன்னா நான் வேற மாதிரி தைக்கணும்.”

அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. போட்டு ஆடுகிற ஜெர்சிக்குத் தையல் இழுத்தால் நீண்டு கொடுக்க வேண்டும், பலமும் வேண்டும், இரட்டைத் தையல் விழும். பெட்டியில் வைக்கிற ஜெர்சிக்கு அவ்வளவு நூலை ஏற்றினால் நைந்த துணியை நூலே அறுத்துவிடும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அவர் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு விளக்கியதுதான்.

வேலை தொடங்குவதற்கு முன்னால் மெஷினில் இருந்த ஊசியைக் கழற்றினார். ஒரு தீப்பெட்டிக்குள் தனியாக வைத்திருந்த ஊசியை எடுத்து மாட்டினார். முனை கூராக இருக்காது, மழுங்கி உருண்டையாக இருக்கும். ஜெர்சித் துணி நெய்த துணி இல்லை, பின்னிய துணி. கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கும். சட்டைக்குப் போடுகிற கூர் ஊசி அந்தக் கண்ணியை வெட்டிவிடும். ஒரு கண்ணி அறுந்தால் போதும், ஏணி மாதிரி மேலிருந்து கீழே பிரிந்துகொண்டே போகும். மழுங்கிய ஊசி கண்ணியை ஒதுக்கிவிட்டு நடுவில் இறங்கும். நூலும் பாலியெஸ்டர் நூல்தான் போட்டார். பருத்தி நூல் தண்ணீர் பட்டால் சுருங்கும், துணி சுருங்காது, தையலோரம் நெளிந்து போகும்.

எழுத்தை என்ன செய்வது என்பதில் அப்பாவுக்கும் மகனுக்கும் என் கண் முன்னாலேயே வாக்குவாதம். எழுத்தைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ் மெஷின் மகன் பொறுப்பு. அவர் சொன்னார், “அத்தா, எல்லாத்தையும் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சுடலாம், பளிச்சுனு இருக்கும்.” பாய் தலையை நிமிர்த்தாமலே, “அது இவங்க ஓடினப்ப முதுகுல இருந்த எழுத்துடா. நாம அடிச்சா நம்ம எழுத்துல்ல?” என்றார். அந்த இடத்திலேயே இனி என் ஜெர்சிகள் எல்லாம் இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

கடைசியில் அந்த மகன்தான் அழகாக ஒரு வேலை செய்தார். உரிந்து நின்ற ஓரங்களைப் பல் குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து, மேலே பட்டர் பேப்பர் விரித்து, மெஷின் சூட்டைக் குறைத்து, சில நொடி மட்டும் அழுத்தினார். அந்தக் கால ரப்பர் பிரிண்ட் சூடு பட்டால் இளகும், இளகினால் துணியோடு மறுபடி ஒட்டும். வெடிப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் இனி உதிராது. ‘மாவட்டம்’ என்பதில் ‘வ’ பாதி ஏற்கெனவே போய்விட்டது. அதை அவர்கள் இட்டு நிரப்பவில்லை, நானும் கேட்கவில்லை.

காலருக்கு மஞ்சள் ரிப் துணி திருப்பூரிலிருந்து ஒருவர் கொண்டுவரும் கட்பீஸ் மூட்டையில் கிடைத்தது. புது மஞ்சள், பழைய பச்சைக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணைக் குத்தியது. போன் செய்து, “டீத்தண்ணில ஒரு முக்கு முக்கட்டுமாம்மா?” என்று கேட்டார். முதலில் ஒரு துண்டை முக்கிக் காயவைத்துக் காட்டிய பிறகுதான் முழுக் காலரையும் முக்கினார். இப்போது அது 1998 மஞ்சள் இல்லைதான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் சண்டை போடாத மஞ்சள். கழற்றிய பழைய காலரைத் தூக்கிப் போடாமல் ஒரு காகித உறையில் போட்டு, மேலே 8 என்று பென்சிலால் எழுதி, ஜெர்சியோடு சேர்த்துக் கொடுத்தார்.

வலது கைப்பட்டியில் காசு அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை உண்டு. முகாமின் கடைசி நாள், ஆட்டம் முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து கிளிமூக்கு மாங்காயை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றபோது காம்புப் பால் பட்ட இடம். மாம்பால் கறை பட்டால் பட்டதுதான், எங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இருக்கட்டும் பாய் என்றேன். சரி என்று அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாவது ஜெர்சி கதை வேறு. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்ததே, அதன் இறுதிப் போட்டிக்குத் தம்பியோடு போயிருந்தேன். ஆகஸ்ட் 12. இந்தியா மலேசியாவிடம் பாதி நேரத்தில் 1-3 என்று பின்தங்கி, பிறகு 4-3 என்று ஜெயித்த ஆட்டம். அன்றைக்கு அரங்கத்துக்கு வெளியே தம்பி வாங்கியது நீல நிற ஜெர்சி, முதுகில் வெள்ளையில் 16, இந்திய அணி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் நம்பர். களத்தில் கோல்கீப்பர் மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து வேறு நிறத்தில்தான் நிற்பார், எனவே இது ரசிகர்களுக்கென்று அடித்தது. எங்களுக்கு அதனால் மதிப்புக் குறையவில்லை. தம்பியும் கோல்கீப்பர். மறுவருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கிய கையோடு ஸ்ரீஜேஷ் விடைபெற்றார். சீனியர் அணியில் இனி 16 யாருக்கும் கிடையாது என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. அந்த வாரம் தம்பி அந்த ஜெர்சியைத் துவைக்கவே விடவில்லை.

பிறகு ஒருநாள் வெளியூரில் ஒரு சலவைக் கடையில் போட்டோம். நன்றாகச் சூடேறிய பெட்டியை நம்பர் மேலேயே வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். 1 என்ற எண் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. 6 முழுக்க இளநீலம் ஆகிவிட்டது. அழுக்கு என்று நினைத்துத்தான் பாயிடம் கொண்டுபோனேன். மகன் பார்த்ததும் சொல்லிவிட்டார், அது அழுக்கில்லை, துணியின் சாயம் என்று. பாலியெஸ்டரில் ஏற்றிய சாயம் அதிகச் சூடு பட்டால் ஆவியாகி மேலே எழும்பும், மேலே ஒட்டியிருக்கிற வெள்ளை ஸ்டிக்கருக்குள் புகுந்துகொள்ளும். எவ்வளவு துவைத்தாலும் போகாது.

இதற்கு நம்பரை மாற்றத்தான் வேண்டும் என்றார். இந்த முறை பாயும் மறுப்புச் சொல்லவில்லை. பழைய நம்பரை மெல்லச் சூடுகாட்டி உரித்து, அதையே அச்சாக வைத்துப் புது நம்பரை வெட்டினார்கள். சாயத்தை மேலே விடாமல் தடுக்க அடியில் சாம்பல் நிறப் படலம் உள்ள ஸ்டிக்கராகப் பார்த்து வரவழைத்தார்கள். அதற்கு 12 நாள் ஆயிற்று. ஒட்டி ஒரு வருடம் ஆகப்போகிறது, வெள்ளை இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

மூன்றாவது, கனடாவிலிருந்து நாத்தனார் மகன் அனுப்பிய ஐஸ் ஹாக்கி ஜெர்சி, டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ். நம் ஜெர்சி நாலை ஒன்றாக மடித்த கனம். பாய்க்கு அதில் இரண்டு விஷயம் ஆச்சரியம். ஒன்று, பின்பக்கம் உள்ளே இடுப்புக்கு நேராகத் தைத்திருக்கும் வார். ஐஸ் ஹாக்கியில் ஆட்டக்காரர்கள் கைகலந்தால் எதிராளி ஜெர்சியைத் தலைக்கு மேலே இழுத்துக் கையைக் கட்டிப்போடப் பார்ப்பான், அது நடக்காமல் இருக்க கால்சட்டையோடு இந்த வாரை மாட்டிக்கொள்வார்கள் என்று சொன்னேன். “விளையாட்டுக்கா இது?” என்று சிரித்துவிட்டு, வாரின் தையலைத் தனியாகப் பார்த்தார். “ஆனா நல்லா யோசிச்சுத் தெச்சிருக்கான்.”

இன்னொன்று, நம்பரும் எழுத்தும். ஸ்டிக்கரும் இல்லை, பிரிண்டும் இல்லை. தடித்த ட்வில் துணியில் எழுத்தை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தைச் சுற்றி ஜிக்ஜாக் தையலில் தைத்திருப்பார்கள். அதில் ஒரு ஓரம் விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. பாய் மெஷினைத் தொடவே இல்லை. கையூசியில் நூல் கோத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, பழைய தையல் போட்டிருந்த அதே ஓட்டைகளிலேயே ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றினார். புது ஓட்டை ஒன்றுகூட விழவில்லை. விரல் நீளத் தையலுக்கு முக்கால் மணி நேரம். நான் டீ வாங்கி வைத்தேன், அது ஆறிப்போனது. 60 ரூபாய் கேட்டார். 100 கொடுத்தேன், மீதி 40-ஐக் கையில் வைத்துவிட்டார்.

நான்காவது தம்பியின் பழைய கோல்கீப்பர் ஜெர்சி. முழங்கையில் டார்னிங், அவ்வளவுதான். சொன்ன நாளில் கிடைத்தது.

குறை ஐந்தாவதில். வெள்ளை உடம்பு, சிவப்புக் கை வைத்த ஒரு பழைய பள்ளி அணி ஜெர்சி. ரம்ஜான் சமயம், கடையில் புதுத்துணி வேலை தலைக்கு மேல். ஒரு வாரம் என்றது மூன்று வாரம் ஆனது. தாமதம்கூடப் பரவாயில்லை, பண்டிகை நேரத்தில் நான் கொடுத்ததும் தப்பு. ஆனால் அதைக் கம்பியில் மாட்டியே வைத்திருந்தார்கள். கடை மேற்குப் பார்த்தது. மூன்று வாரமும் சாயங்கால வெயில் ஒரே கையின் மேல் விழுந்து, சிவப்பில் ஒரு பட்டை வெளுத்துவிட்டது. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் மழுப்பவில்லை. காசு வாங்க மறுத்தார். அடுத்த வாரம் போனபோது வாசலுக்குக் குறுக்கே கனமான காடாத் துணியில் திரை தொங்கியது. இருந்தாலும் அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். நீங்கள் கொடுப்பதாக இருந்தால், மாட்டாமல் மடிக்காமல் சுருட்டி உள் அலமாரியில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். சொன்னால் செய்வார்கள்.

ஜெர்சியைக் கடையில் சரிசெய்வது பாதிதான், வீட்டில் பார்த்துக்கொள்வது மீதி. எங்கள் பகுதிக்கென்று ஒரு தொல்லை உண்டு, தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீரில் ஜெர்சி துவைத்தால், அடர்நீலத்தின் மேல் காய்ந்ததும் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை படியும். சோப்பும் நுரைக்காது. நான் துவைப்பதை எந்தத் தண்ணீரில் செய்தாலும், கடைசி அலசல் மட்டும் ஒகேனக்கல் தண்ணீரில். குழாயில் வரும் நாளில் ஒரு பக்கெட் தனியாகப் பிடித்து மூடி வைத்துவிடுவேன். அதில் ஒரு மூடி வெள்ளை வினிகர். இதை ஆரம்பித்த பிறகு பூப்பது நின்றுவிட்டது.

செம்மண் கறை பட்டால் உடனே தண்ணீரில் போடவே கூடாது. ஈரத்தோடு தேய்த்தால் மண் துணிக்குள் இறங்கிவிடும். நிழலில் காயவிட்டு, பழைய டூத்பிரஷால் தட்டித் தட்டி உதிர்த்துவிட்டுப் பிறகுதான் ஊறவைக்க வேண்டும். வியர்வை நாற்றம் போகாவிட்டால் அரை மணி நேரம் சமையல் சோடா கரைத்த தண்ணீர். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றுகிற கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். அது நூலின் மேல் மெழுகு மாதிரி படிந்து வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் குணத்தைக் கெடுக்கும். உள்பக்கம் திருப்பித் துவைப்பது, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துவது, நிழலில் காயப்போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

அந்துருண்டையை ஸ்டிக்கர் எழுத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். நான் அப்பாவின் பழைய மல் வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்திருக்கிறேன். நம்பருக்கு மேல் ஒரு துண்டை விரித்து, எழுத்து வெளிப்பக்கம் வருகிற மாதிரி தளர்வாகச் சுருட்டி, மரப்பெட்டியில் அடுக்குவேன். மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில்தான் எழுத்து முதலில் வெடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்து ஒருநாள் முழுக்கக் காற்றாட விடுவேன். மொத்தம் 26 ஜெர்சி, கூடம் முழுக்க விரித்துவிட்டால் வீட்டில் நடக்க இடம் இருக்காது. எல்லாருமாகச் சுவரோரமாகப் போவோம்.

போகிறவர்களுக்காக: எனக்குக் காலர் மாற்ற 180 ரூபாய் ஆனது, துணிக்கும் சேர்த்து. தோள் தையல் 40. நம்பர் இரண்டும் புதிதாக ஒட்ட 250. டார்னிங் கிழிசலின் அளவைப் பொறுத்து. ரசீது கிடையாது, ஒரு துணித்துண்டில் பேனாவால் எண் எழுதிப் பாதியைக் கிழித்துத் தருவார், அதைத் தொலைக்காதீர்கள். பெரிய கம்பெனி லோகோவைப் போலியாக ஒட்டித் தரச் சொன்னால் இரண்டு பேருமே மறுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை இருக்காது, மூன்று மணிக்கு மேல் போங்கள். துவைத்துக் காயவைத்துக் கொண்டுபோங்கள், வியர்வைத் துணியை அவர் மெஷினில் ஏற்ற மாட்டார்.

நான் அடுத்து எடுத்துப் போகப்போவது என் பெரியப்பா மகளுடையது. அதே 1998 அணி, அதே இலைப்பச்சை, நம்பர் 5. அவள் ஓசூரில் இருக்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டிக்கைத் தொடவில்லை. என்னுடையது சரியாகி வந்த போட்டோவை அனுப்பினேன். போன வாரம் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறாள். காலர் முழுசாக இருக்கிறது, கீழ் ஓரம்தான் எலி கடித்திருக்கிறது. பாயிடம் போட்டோ காட்டிவிட்டேன். “எடுத்துட்டு வாங்கம்மா, அந்தப் பச்சை நூல் இன்னும் பாதிக் கண்டு இருக்கு” என்றார்.